இப்போதைக்கு வருது

எங்கள் முதலாளி அந்த அக்காவிடம் கெஞ்சிக் கேட்டதெல்லாம் ஒரே ஒரு வார்த்தைதான். "சரியாயிடுச்சுங்கன்னு சொல்லும்மா. அதுல என்ன கொறஞ்சு போயிருவ? அவங்களுக்கு மனசு ஆறும்ல." அக்கா தலையை ஆட்டுவார். அடுத்த போன் வரும். கல்யாண வீட்டுக்காரர் ஒருவர் மூச்சு வாங்க, "மேடம், நின்னு நின்னு வந்துச்சே, சரியாயிடுச்சா?" என்பார். அக்கா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, திரையை ஒருமுறை பார்த்துவிட்டு, "இப்போதைக்கு வருதுங்க" என்பார். முதலாளி என்னைப் பார்ப்பார். நான் ஜன்னலைப் பார்ப்பேன்.

அறந்தாங்கி பேருந்து நிலையத்தை ஒட்டிய தெருவில், ஒரு பாத்திரக்கடையின் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, சாவு, எதுவானாலும் காமிரா கொண்டுபோய் வைத்து இணையத்தில் நேரடியாகக் காட்டுவது எங்கள் தொழில். இந்தப் பக்கத்தில் பாதி வீடுகளில் ஒருவராவது வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார். அதிலும் வளைகுடாவில் சில இடங்களில் போனில் முகம் பார்த்துப் பேசத் தடை உண்டு. அந்தத் தடையில்தான் எங்கள் அடுப்பு எரிந்தது. நான் முன் மேசையில் உட்கார்ந்து முன்பதிவு செய்வேன், போன் எடுப்பேன், திட்டு வாங்குவேன். அக்கா உள்ளே, ஏசி போட்ட சின்ன அறையில் சர்வரோடு இருப்பார். நடுவில் ஒரு கண்ணாடிக் கதவு. மூடி வைத்தால் சர்வருக்கு நல்லது, திறந்து வைத்தால் எனக்கு நல்லது. அக்கா பெரும்பாலும் என் பக்கம்தான்.

சேர்ந்த புதிதில், அந்தக் கறுப்புப் பெட்டி என்னதான் செய்கிறது என்று கேட்டேன். "கேச் சர்வர்" என்றார். நான் விழித்ததைப் பார்த்துவிட்டு நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"பந்தி பரிமாறுறதப் பாத்திருக்கேல்ல? நானூறு எலை போட்டாச்சு. ஒவ்வொருத்தரும் எந்திரிச்சு அடுப்படிக்குப் போயி சாம்பார் கேட்டா சமையக்காரரு ஓடிப் போயிருவாரு. அதனால வாளில எடுத்தாந்து பந்தியிலயே வச்சுப் பரிமாறுறோம். காமிராதான் அடுப்படி. இது வாளி." கொஞ்சம் யோசித்து, "வாளி காலியாச்சுன்னா மட்டும் எல்லாரும் ஒரே நேரத்துல அடுப்படிக்கு ஓடுவாங்க. அப்பத் தெரியும் நம்ம பொழப்பு" என்று சேர்த்துக்கொண்டார்.

இதைவிடத் தெளிவாக அதை யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஆனால் இவ்வளவு தெளிவாகச் சொல்லத் தெரிந்தவர் ஏன் ஒரு 'சரியாயிடுச்சு' சொல்ல மாட்டேன் என்கிறார் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. எனக்கென்ன, போன் எடுத்து எடுத்துக் காது மரத்துப் போனவள் நான். ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அந்தப் பக்கம் போனை வைத்துவிடுவார்கள். "இப்போதைக்கு வருது" என்றால் விடமாட்டார்கள். "அப்ப மறுபடியும் போயிருமா? எப்பப் போகும்? தாலி கட்டுற நேரத்துல போயிருமா?" என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். அவற்றுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியவள் நான்.

அவர் வீட்டுக்கு ஒரே ஒரு முறை போயிருக்கிறேன். வாடகை வீடு. பல வருடமாக அதே வீடுதான். சுவரில் ஒரு ஆணி கிடையாது. காலண்டர் ஜன்னல் கம்பியில் தொங்கியது. சாமி படங்கள் அலமாரித் தட்டில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. பிரிட்ஜின் கைப்பிடியில் கடையில் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்து, பழுப்பேறி, ஓரத்தில் கிழிந்து போயிருந்தது. "ஏங்க்கா இதப் பிரிக்கவே இல்லையா?" என்றேன். "இருக்கட்டும். எப்ப வீடு மாறுவோமோ" என்றார். சிரிப்பாக வந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஏனோ சிரிப்பு நின்றுவிட்டது.

எனக்கு அவர்மேல் கோபம் வந்த நாளும் உண்டு. என் மகனுக்குக் காய்ச்சல் விடாமல் அடித்து, புதுக்கோட்டையில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். வந்தவர்கள் எல்லாம் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள். அக்கா ஒரு தூக்கில் கஞ்சி கொண்டு வந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். பிள்ளையின் நெற்றியிலும் கழுத்திலும் புறங்கையை வைத்து வெகுநேரம் பார்த்தார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். "இப்போதைக்குக் கொறஞ்சிருக்கு" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளையை வைத்துக்கொண்டு இருக்கிறவளிடம் சொல்கிற வார்த்தையா இது என்று ஒரு வாரம் அவரோடு சரியாகப் பேசவில்லை. பிறகு நினைத்துப் பார்த்தேன். ஒன்றும் ஆகாது என்று சொன்ன அத்தனை பேரில் ஒருவர்கூடப் பிள்ளையைத் தொட்டுப் பார்க்கவில்லை. கோபம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். அதன் கூர் மழுங்கிவிட்டது.

அந்த வார்த்தை அவரிடம் எப்படி ஒட்டிக்கொண்டது என்பதை அவரே ஒருநாள் சொன்னார். அரிமளம் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தோம். வெயிலில் இருவருக்கும் நாக்கு வறண்டிருந்தது. அவர் கணவரும் வெளிநாட்டில்தான் இருந்தார். "ஒங்க வீட்டுக்காரரு எப்பக்கா வாராரு?" என்று வெறுமனே கேட்டு வைத்தேன். அக்கா பஸ் வருகிற திசையைப் பார்த்தபடியே சொன்னார்.

"அவரு போகமாட்டேன்னுதான் சொன்னாரு. நான்தான், இப்போதைக்குப் போயிட்டு வாங்க, பாப்பா படிப்பு முடியவும் வந்துருங்கன்னேன். பாப்பா படிச்சு முடிச்சிருச்சு. வேலைக்கும் போயிருச்சு. இப்ப அவருக்கு இங்கிட்டு வந்து என்ன செய்யிறதுன்னு தெரியல. எனக்கும் வாங்கன்னு சொல்ல வாய் வரல. நல்ல மனுசன்தான். ரெண்டு பேருக்கும் பழகிப் போச்சு."

சொல்லும்போது குரல் நடுங்கவில்லை, கண் கலங்கவில்லை. பஸ் வந்தது. ஏறி, கதவுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டார். எந்த பஸ்ஸிலும் அவருக்குக் கதவுக்குப் பக்கத்து சீட்தான் வேண்டும்.

மகள் கல்யாணத்துக்கும் கணவர் வரமுடியவில்லை. விசா புதுப்பிக்கக் கொடுத்திருந்த நேரம். எங்கள் சர்வரில்தான் காட்டினோம். பெண்ணைப் பெற்றவர் பட்டுப்புடவை கட்டி மணமேடைக்குப் பின்னால் நிற்கிறார், கையில் தட்டும் இருக்கிறது, போனும் இருக்கிறது. தாலி ஏறிய கையோடு அலுவலகத்துக்குக் கூப்பிட்டு என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "அங்கிட்டு வந்துச்சா?" வந்தது என்றேன். அவர் கணவர் பார்த்தார், எல்லாவற்றையும் பார்த்தார். சாப்பாடு முடிந்து சம்பந்தி அம்மாள் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருச்சுங்க" என்று சொல்ல, அக்கா பழக்கதோஷத்தில், "ஆமாங்க, இப்போதைக்கு" என்றுவிட்டார். சம்பந்தி அம்மாள் முகம் சுருங்கியது. அதைச் சரிக்கட்ட மகளுக்கு மூன்று மாதம் ஆயிற்றாம். இதைச் சொல்லிவிட்டு அக்காவே சிரித்தார்.

வேலையில் மட்டும் அந்த வார்த்தைக்கு ஒரு நியாயம் இருந்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு வைகாசி முகூர்த்த நாள். காலையில் மூன்று கல்யாணம் ஒன்றாக ஓடியது. சர்வர் திணறி, மாப்பிள்ளை தாலியைத் தூக்கிய இடத்தில் படம் நின்றுவிட்டது. நின்ற படத்தில் மாப்பிள்ளை வாயைத் திறந்தபடி இருந்தார். அவர் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து எனக்குச் சொன்ன வார்த்தைகளை எழுத முடியாது. அக்கா ஒரு மணிநேரம் தேடிக் கண்டுபிடித்தார். வெளிநாட்டில் ஏதோ ஒரு வீட்டில், டிவியோடு மாட்டியிருந்த ஒரு பெட்டி பைத்தியம் பிடித்ததுபோல் நடந்திருக்கிறது. பழைய இணைப்பை விடாமல் புதிது புதிதாகக் கேட்டுக்கொண்டே இருந்து, மற்றவர்களுக்கு இடமில்லாமல் செய்துவிட்டது. அக்கா ஒரு தடுப்புப் போட்டார். ஒரு விலாசத்திலிருந்து இத்தனை இணைப்புத்தான், அதற்கு மேல் கேட்டால் வெட்டிவிடும். விலாசம் என்றால் தெருப் பெயர் இல்லை, ஒவ்வொரு வீட்டு வைஃபைக்கும் இணையத்தில் இருக்கிற ஒரு எண். ஒரு வீட்டில் எத்தனை போன் இருந்துவிடும்? போதும் என்றுதான் எல்லோருக்கும் பட்டது. படம் ஓடியது. முதலாளி கையெடுத்துக் கும்பிட்டு, "சரியாயிடுச்சா?" என்றார். "இப்போதைக்கு ஒரு தடுப்புப் போட்டிருக்கேன். ஒருநாளு உக்காந்து ஒழுங்காப் பண்ணணும்" என்றார் அக்கா.

அந்த ஒருநாள் வரவில்லை. வைகாசி முடிந்தால் திருவிழாக்கள். திருவிழா முடிந்தால் ஆவணி முகூர்த்தம். சாவுக்குக் காலம் நேரம் கிடையாது. ஒவ்வொரு மாலையும் அக்கா நாற்காலியிலிருந்து எழும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் எழுவார். "நாளைக்குப் பாத்துக்குவோம்" என்பார். எனக்கும் அதுவே வசதியாக இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை வந்தது இப்படியொரு களைப்பில்தான்.

பக்கத்து ஊர் ஒன்றில் மது எடுப்பு. பெண்கள் குடத்தில் நெல் நிரப்பி, தென்னம்பாளை செருகி, தலையில் வைத்து வரிசையாகக் கோயிலுக்குக் கொண்டுபோகிற திருவிழா. அந்த ஊர் ஆண்களில் ஏராளமானோர் வெளிநாட்டில். அங்கே அவர்களுக்கு அன்று விடுமுறை. மத்தியானத்திலிருந்து கூட்டம் கூட்டமாகப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். சர்வர் அதுவரை கண்டிராத கூட்டம்.

அன்று காலையிலேயே இன்னொரு போனும் வந்திருந்தது. வளைகுடாவில் தொழிலாளர்கள் தங்குகிற ஒரு கேம்ப்பிலிருந்து ஒருவன் பேசினான். அரிமளம் பக்கம் ஒரு ஊர். அப்பா இறந்துவிட்டார். ஒரே மகன். பாஸ்போர்ட் கம்பெனியின் கையில், அது வர இன்னும் நாளாகும். உடலை ஐஸ் பெட்டியில் வைத்துப் பார்த்தார்கள், இனி வைக்க முடியாது, மூன்று மணிக்கு எடுக்கிறார்கள். சித்தப்பா மகன் கொள்ளி வைக்கிறான். "நான் பாக்கணுங்க. கட்டாகாம வருமா?" என்று கேட்டான். நான் போனை அக்காவிடம் கொடுத்துவிட்டேன். அக்கா, "பாப்போம் தம்பி" என்றார். அதற்கு மேல் அவரிடமிருந்து வராது என்று எனக்குத் தெரியும்.

இரண்டு மணிக்குப் பிறகு போன்கள் அடிக்கத் தொடங்கின. வரவில்லை, வந்து வந்து போகிறது, பத்து நொடி வந்து அறுந்துவிடுகிறது. அக்கா ஒவ்வொன்றாகப் பார்த்தார். எந்திரத்துக்குக் களைப்பில்லை. லைனில் இன்னும் இடம் இருந்தது. சாவு வீட்டிலிருந்து எங்களுக்குப் படம் பளிச்சென்று வந்துகொண்டிருந்தது. சாமியானா, பிளாஸ்டிக் நாற்காலிகள், ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் ஒரு விளக்கு. "யாருக்கு வருதுன்னு கேளு" என்றார். கேட்டேன். சிங்கப்பூருக்கு வருகிறது. மலேசியாவுக்கு வருகிறது. வளைகுடாவிலும் சிலருக்கு வருகிறது, சிலருக்கு அறுகிறது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு நெற்றியைத் தேய்த்தார்.

அந்த மகன் மூன்றாவது தடவையாகக் கூப்பிட்டான். "குளிப்பாட்டத் தண்ணி எடுக்க நீர்மாலைக்குப் போயிட்டு வந்துட்டாங்களாம்க்கா. எனக்கு வரவே மாட்டேங்குது. ரோட்டுக்குப் போயி சொந்த டேட்டாவுல பாத்தேன், வந்துச்சு. அதுவும் தீந்து போச்சு. உள்ள வந்தா அறுந்துருது." அவன் சத்தம் போடவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டார். அவன் குரலுக்குப் பின்னால் கொட்டுச் சத்தம் கேட்டது. எங்கள் திரையிலும் அதே கொட்டு, சில நொடி முன்னால் போய்க்கொண்டிருந்தது. அக்காவின் கை நெற்றியில் அப்படியே நின்றது.

"தம்பி, ஒன் பின்னாடி என்ன சத்தம்?"

"பக்கத்துக் கட்டில்ல திருவிழா பாக்குறாங்கக்கா. இந்த பிளாக் பூரா அந்த ஊருக்காரங்கதான்."

"எத்தன பேரு?"

"நூறு பேருக்கு மேல இருப்பாங்க."

"எல்லாரும் ஒரே வைஃபையா?"

"ஆமாக்கா. கேம்ப் வைஃபைதான்."

அக்கா போனை நெஞ்சில் கவிழ்த்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "என் தடுப்புதான்" என்றார்.

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. அந்த பிளாக்கில் இருந்த அத்தனை பேரும் இணையத்துக்கு வருவது ஒரே வாசல் வழியாக, ஒரே விலாசத்தில். எங்கள் சர்வருக்கு அந்த நூறு பேர் நூறு பேராகத் தெரியவில்லை. பைத்தியம் பிடித்த ஒரே பெட்டியாகத் தெரிந்தார்கள். முதலில் வந்த கொஞ்சப் பேரை விட்டுவிட்டு மற்றவர்களை வெட்டிக்கொண்டிருந்தது. அப்பாவைப் பார்க்க வந்தவனும் அந்த நெரிசலில் மாட்டிக்கொண்டான். ஒரு வீட்டுக்கு இத்தனை என்று கணக்குப் போட்டபோது, நூறு ஆண்கள் ஒரு வீடாக இருக்கிற இடம் ஒன்று உண்டு என்பது அக்காவுக்கும் நினைவு வரவில்லை, எனக்கும் வரவில்லை. அவர் வீட்டுக்காரரே அப்படியொரு கேம்ப்பில்தான் இருந்தார்.

"எடுத்து விட்டுருங்கக்கா" என்றேன்.

"எடுக்கணும்னா சர்வர நிப்பாட்டித் திருப்பி ஆரம்பிக்கணும். ஆரம்பிச்சா வாளி காலி. இருக்குற கூட்டம் பூரா அடுப்படிக்கு ஓடும். அது அடங்கி ஒழுங்கா வாரதுக்குள்ள அங்க எடுத்துருவாங்க."

முதலாளி சட்டைப் பொத்தானைப் பிடித்துத் திருகிக்கொண்டே நின்றார். திருவிழாவைக் கொஞ்ச நேரம் நிறுத்தலாமா என்று அக்கா கேட்டதற்கு, "நடு மது எடுப்புல நிப்பாட்டுனா அந்த ஊருக்குள்ள நான் எப்படிம்மா கால் வைக்கிறது? நாளைக்கு நம்மள யாரு கூப்புடுவா?" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் சொன்னதும் நிஜம்தான்.

அக்கா போனைத் திரும்ப எடுத்தார். "தம்பி, ஒன் பக்கத்துக் கட்டில் தம்பிகிட்ட போனக் குடு."

இன்னொரு குரல் வந்தது. அக்கா தான் யார் என்று சொன்னதுமே பொரிந்து தள்ளினான். "என்னக்கா ஆபீசு நடத்துறீங்க? இம்புட்டு நேரமும் வந்து வந்து போகுது. எங்க ஆத்தா இந்த வருசம்தான் மொத மொத மது எடுக்குறாக. இப்பத்தான் மந்தையத் தாண்டி வாராக. பாக்க விடுங்கக்கா."

அக்கா அவனைப் பேசி முடிக்க விட்டார். "தப்பு என் மேலதான் தம்பி" என்றார். "ஒங்க எடத்துலருந்து கொஞ்சப் பேருதான் பாக்க முடியிற மாதிரி போட்டு வச்சிட்டேன். இப்ப மாத்த முடியாத நெலம. போனக் குடுத்தானே, அவனுக்கு அப்பா தவறிட்டாரு. கொஞ்ச நேரத்துல எடுத்துருவாங்க. அவனுக்கு வரமாட்டேங்குது."

"அவரு யாருகிட்டயும் சொல்லவே இல்லையேக்கா" என்றான்.

"திருவிழா பாக்குற எடத்துல எப்படிச் சொல்லுவான்?"

"நான் வேணா அமத்திர்றேன். என் எடத்துல அவரு பாக்கட்டும்."

"ஒருத்தர் அமத்துனாப் பத்தாது தம்பி. நீ விட்டதும் அந்த எடத்தக் காத்துக்கிட்டு இருக்குற இன்னொரு போன் புடிச்சுக்கும். எல்லாரும் அமத்தணும்." அக்கா ஒரு மூச்சு விட்டார். "ஒங்க ஆத்தாவ நீ பாக்க முடியாமப் போகும். தெரிஞ்சுதான் கேக்குறேன்."

அவன் போனைக் கட்டிலில் வைத்த சத்தம் கேட்டது. பிறகு தூரத்தில் அவன் குரல், "ஏய், எல்லாரும் போன அமத்துங்கடா. நம்ம அரிமளத்து அண்ணனுக்கு அப்பா தவறிட்டாராம்டா. மேல் ரூம்ல போயி சொல்லு. எல்லாரும்" என்று கத்தியது. ஒரு சலசலப்பு. கட்டில்கள் கிரீச்சிட்டன. ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த கொட்டுச் சத்தம் மெலிந்தது. இரண்டு போனில் மட்டும் முன்னும் பின்னுமாகக் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. எங்கள் திரையில் அந்த விலாசத்துக்கு நேரே எத்தனை இணைப்பு என்று காட்டுகிற எண் இறங்கிக்கொண்டே வந்து, ஒன்றுமில்லாமல் ஆகி, மறுபடி ஒன்று என்று ஏறியது.

"தெரியுதுக்கா" என்றான் அந்த மகன்.

பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடித்துச் சுற்றி வந்தார்கள். ஒருவர் பின் ஒருவராக வாய்க்கரிசி போட்டார்கள். மகன் போட வேண்டிய இடத்தில் சித்தப்பா மகன் குனிந்தான். ஸ்பீக்கரில் மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. என்னால் படத்தைப் பார்க்க முடியவில்லை. அக்காவும் படத்தைப் பார்க்கவில்லை. அந்த ஒன்று என்கிற எண்ணையே, அது போய்விடுமோ என்று, கண்ணைச் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். தூக்கினார்கள். பெண்கள் வாசல் வரை போய் நின்றார்கள். கூட்டம் தெரு முனையில் திரும்பி மறைந்தது. காமிரா சுடுகாட்டுக்குப் போகாது, அங்கே சிக்னல் கிடையாது.

நான் பக்கத்துக் கட்டில் தம்பியின் நம்பரைத் தேடிப் பிடித்துப் போன் போட்டேன். "முடிஞ்சிருச்சுங்க தம்பி. இனிமே நீங்க பாக்கலாம். குடம் இன்னும் கோயிலுக்குப் போயிச் சேரல."

"இல்லக்கா, இருக்கட்டும்" என்றான். "எல்லாரும் அவரு கூட உக்காந்திருக்கோம். ஆத்தா அடுத்த வருசமும் எடுப்பாக."

இதை நான் சொன்னதும் அக்கா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். முதலாளி தண்ணீர் எடுத்து வருகிற சாக்கில் வெளியே போய்விட்டார்.

காமிராக்காரர் கூப்பிட்டு, மூட்டை கட்டவா என்று கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் அந்த மகன் மறுபடி வந்தான். "அக்கா, அந்தக் காமிராவ இன்னும் கொஞ்ச நேரம் விடுவீங்களா? வீட்டப் பாத்துக்கிட்டு இருக்கேன்."

படத்தில் பார்க்க ஒன்றுமில்லை. இரண்டு பெண்கள் வாசலைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஐஸ் பெட்டியின் வயரைச் சுருட்டினார். கலைந்து கிடந்த நாற்காலிகளில் ஒன்றில் அவன் அம்மா வந்து உட்கார்ந்தார். யாரோ கொடுத்த தம்ளரைக் கையில் வாங்கி, குடிக்காமல் வைத்திருந்தார்.

"எம்புட்டு நேரம்க்கா இருக்கும்?" என்று கேட்டான்.

எனக்கு அக்காவின் பதில் மனப்பாடம். மாலையில் புதுக்கோட்டையில் ஒரு வரவேற்புக்கு அந்தக் காமிரா போயாக வேண்டும் என்பதும் தெரியும். தண்ணீர்ச் சொம்போடு வந்த முதலாளி அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தார்.

"நீ போதும்ங்கிற வரைக்கும் இருக்கும் தம்பி" என்றார்.

முதலாளி சொம்பை வைத்துவிட்டு, வேறு காமிராவுக்குப் போன் போடப் போனார். திருவிழா முடிந்தது, கூட்டம் கலைந்தது. சர்வரில் அந்த ஒரே ஒரு இணைப்புத்தான் மிச்சம். அந்த வீட்டு வாசலில் வெயில் இறங்கி மஞ்சளாயிற்று. சுடுகாட்டுக்குப் போனவர்கள் தலை ஈரத்தோடு திரும்பி வந்தார்கள். யாரோ சாமியானா டியூப்லைட்டைப் போட்டார்கள். அவன் அம்மா எழுந்து உள்ளே போனார். நாங்கள் இருவரும் டீ குடிக்கவும் எழவில்லை. அக்காவுக்குக் கடைசி பஸ்ஸுக்கு முந்திய பஸ் போய்விட்டிருந்தது.

திரையில் அந்த எண் ஒன்றிலிருந்து இறங்கியது.

நான் பதறிப் போனை எடுத்தேன். "கட்டாயிடுச்சேக்கா. கூப்பிட்டுக் கேக்கவா?"

"வேணாம்" என்றார் அக்கா. "அவனே வச்சிட்டான்."